சபைக்கு வராத ஸ்டீல் கிதார்

ஸ்டீல் கிதாரைப் பற்றி நம் நாட்டில் எழுதுகிறவர்கள் இரண்டு பாடங்களை விடாமல் ஒப்பிக்கிறார்கள். முதல் பாடம்: கருவியை மடியில் கிடத்தி, தந்திமேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறை நம்முடையதே, கோட்டுவாத்தியமும் விசித்திர வீணையும்தான் அதற்குத் தாய். இரண்டாம் பாடம்: ஹவாயிலிருந்து இங்கே வந்த கருவி, பிரிஜ் பூஷண் காப்ராவின் மடியில் ஏறி ராகம் வாசித்த பிறகுதான் மரியாதை பெற்றது, அதுவரை ஓட்டல்களிலும் பூஜைப் பந்தல்களிலும் சினிமாப் பாட்டுத் தட்டுகளிலும் பிழைப்பு நடத்தியது. முதல் பாடத்துக்குச் சான்று போதாது; அதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை, பெருமைப்பட்டுவிட்டுப் போகலாம். இரண்டாவதுதான் கேடு. பாட்டைப் பாட்டாகவே வாசிப்பது தாழ்ந்த வேலை, ராகத்தை விரிப்பதே உயர்ந்த வேலை என்ற படிநிலையை அது இந்தக் கருவியின் தலையில் கட்டிவிட்டது. அந்தப் படிநிலையால் நம் கிறிஸ்தவச் சபைகள் இழந்தது என்ன என்பதை ஐதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரத்தை முன்னால் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கர்நாடக ராகத்தில் அமைந்த தெலுங்குக் கீர்த்தனை, கன்டோன்மென்ட் காலத்தோடு வந்த தமிழ்ச் சபைகளின் பாமாலை, ஆங்கிலேயர் விட்டுப்போன நான்குகுரல் பாட்டு எல்லாம் ஒரே ஞாயிறு காலையில் சில தெருக்கள் இடைவெளியில் ஒலிக்கும் ஊர் இது. மனிதக் குரலை அச்சாக ஒத்து வாசிக்கக்கூடிய கருவி இங்கே வந்து குடியேறியிருக்க வேண்டும். வந்ததோ கீபோர்டு.

தொடக்கக் கதை பலரும் அறிந்ததுதான். ஹவாயின் ஓஆஹு தீவில் லாயி என்ற ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெகூகு, பள்ளி மாணவராக இருந்த 1880களின் இறுதியில் இரும்புத் துண்டால் தந்தியை வழுக்கி வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட வரலாறு. இந்தியாவில் பிறந்து, கப்பலேறி ஹொனலுலு போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அவருக்கு முன்னரே அப்படி வாசித்தார் என்று ஒரு செய்தி உண்டு. நம்மவர்கள் பிடித்துத் தொங்குவது அதைத்தான். டேவியன் கோட்டுவாத்தியத்தைக் கண்ணால் கண்டவர் என்பதற்குக்கூட ஆதாரம் கிடையாது. இந்தத் தர்க்கத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற விஷயம் லாயி என்ற ஊர்தான். அது மார்மன் சபையார் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். 1820 முதல் அமெரிக்க மிஷனரிகள் பரப்பிய ஞானப்பாட்டுகள் ஹவாய் மக்களின் தொண்டையில் புகுந்து ஹிமேனி என்ற புதுப் பாட்டுவகையாக மாறியிருந்த காலம் அது. அரசி லிலியுஒகலானியே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கிழக்கு நாடுகளில் ஊர் ஊராக வாசித்துத் திரிந்து, 1940களில் கல்கத்தாவில் பல ஆண்டுகள் தங்கி கிராண்ட் ஓட்டலில் வாசித்த டாவ் மோ சமோவாவில் பிறந்தவர். வளர்ந்தது அதே லாயியில், மார்மன் குடும்பத்தில். ஸ்டீல் கிதார் கூட்டமாகப் பாடுகிற மக்களின் நடுவில் உருவானது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்தான் அதை நம் வாசல்வரை கொண்டுவந்தார். கருவியின் தாய்வீட்டைத் தேடுகிறவர்கள் கோட்டுவாத்தியக் கலைஞர் திருவிடைமருதூர் சகாராமராவிடம் போவதற்கு முன் லாயியின் பாட்டுக்கூட்டத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

இந்தியாவில் அந்தக் கருவியின் பொற்காலம் கல்கத்தாவில் கழிந்தது. வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகிற காலமும் அதுதான். 1930களின் இறுதியில் ஆங்கிலோ-இந்தியரான கார்னி நிஸ் தம் அலோஹா பாய்ஸ் குழுவோடு வானொலியிலும் இசைத்தட்டிலும் ஹவாய் மெட்டுகளை வாசித்தார். அது இறக்குமதிச் சரக்கு. அடுத்த தலைமுறை வேறு காரியம் செய்தது. சுஜித் நாத், கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா, படுக் நந்தி, சுனில் கங்குலி ஆகியோர் வங்காளி வீடுகளில் எல்லோருக்கும் வரி தெரிந்த பாடல்களை, வரி இல்லாமல் கிதாரில் பாடவைத்தார்கள். அனிருத்தா தந்தையின் பாடல்களை வாசித்தார். படுக் நந்தியின் கையில் ரவீந்திர சங்கீதம் பேசியது. ராகப் பிரிவினர் இவர்களை ‘மெட்டு வாசிப்பவர்கள்’ என்று ஒதுக்குவதுண்டு. அவர்கள் செய்த வேலையின் கடினம் அந்த ஒதுக்கலில் மறைந்துபோகிறது. மெட்டின் சுரங்களை வாசித்தால் மட்டும் போதாது. சொல் எங்கே தொடங்குகிறது, நெடில் எவ்வளவு நீள்கிறது, மெய்யெழுத்து எங்கே வெட்டுகிறது என்பதெல்லாம் தந்தியில் விழவேண்டும். நகக்கவ்வி தந்தியைத் தட்டும் இடம் மெய். எஃகுத் துண்டு நகரும் நேரம் உயிர். தட்டலின் இடத்தை ஒரு மயிரிழை மாற்றினால் சொல் சிதைந்துவிடும். வரி அறிந்த கேட்பவருக்கு அது உடனே புரியும். தாகூர் பாடல்களின் தொகுப்பான கீதபிதானில் ‘பூஜை’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் 600க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றில் பல பிரம்ம சமாஜ வழிபாட்டோடு வாழ்ந்தவை. அதைக் கணக்கில் எடுத்தால், கல்கத்தாக் கிதார்க்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ வாசித்தவற்றில் கணிசமான பகுதி வழிபாட்டுப் பாடல்தான். கேட்பவர் மனத்தில் சொல் இருக்க, கருவி அதன் ஓசையை மட்டும் தந்த கலை இது. இந்திய ஸ்டீல் கிதாரின் உயர்ந்த சாதனை எது என்று கேட்டால், என் தராசில் இதன் தட்டே தாழ்கிறது.

பம்பாயில் கதை வேறு. லக்னோவின் மெதடிஸ்ட் கிறிஸ்தவரான வான் ஷிப்லி, எட்டுத் தந்தி மின்கிதாரில் 1950, 60களில் இந்திப் படப்பாடல்களை வாசித்து வீடுதோறும் பெயர் பெற்றார். அவரோடு அக்கார்டியனில் சேர்ந்து ஒலித்த புனேக்காரர் ஏனாக் டேனியல்ஸும் கிறிஸ்தவர். கோவாவின் பங்குப் பள்ளிகளில் சுரக்குறி படித்து வயலின் பிடித்த அந்தோனி கொன்சால்வ்ஸ், செபாஸ்டியன் டிசூசா தலைமுறையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரின் வகுப்பறை எதை வளர்த்தது என்பதும் இளையராஜாவைக் கேட்ட எவருக்கும் தெரியும். சபை நாற்றங்கால், சினிமா நஞ்சை என்று ஆன ஏற்பாடு இது. விதைத்தவருக்கு விளைச்சலில் பங்கு வரவில்லை. ஷிப்லியின் பெயரை நிலைநாட்டியவை சினிமாப் பாட்டுத் தட்டுகள்தாம். அவர் போன்ற ஒருவரின் கையசைவு ஞாயிறு ஆராதனையின் மொழியாக மாறுவதற்கான பள்ளியும் பரம்பரையும் எந்தச் சபையிலும் அமையவில்லை. சபையில் கற்றவன் சபையை விட்டால்தான் இசைக்கலைஞன் என்ற எண்ணம் வேரூன்றியது. பாலக்காட்டிலிருந்து வந்து கீபோர்டில் நாடறியும் பெயர் பெற்ற ஸ்டீபன் தேவசி, ரெக்ஸ்பேண்ட் மேடையில் நற்செய்திப் பாட்டும் வாசிப்பவர். இளைஞர்கள் கண்முன் உள்ள முன்மாதிரியும் அதனால் கீபோர்டாகவே இருக்கிறது.

பிறகு ராகக் காலம். காப்ரா, அலி அக்பர் கானிடம் கற்று, கிதாரில் துணைத்தந்திகள் சேர்த்து ஆலாபனை வாசித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியாவுடன் அவர் சேர்ந்த ‘கால் ஆஃப் த வேலி’ இன்றும் விற்கிறது. விஸ்வமோகன் பட் இருபது தந்திகளோடு மோகன வீணை என்று பெயரிட்டு, ரை கூடருடன் செய்த பதிவுக்கு 1994இல் கிராமி பெற்றார். காப்ராவின் சீடரான தேபாஷிஷ் பட்டாச்சார்யா சதுரங்கி, காந்தர்வி, ஆனந்தி என்று மூன்று கருவிகளையே வடிவமைத்தார். இவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல எவராலும் முடியாது. ஆனால் இருபது தந்திக் கருவியும் அதற்கான பயிற்சியும் ஒரு கருவியை ஊரிலிருந்து பிரித்து மேடைக்குச் சொந்தமாக்கிவிடும் வழிகள். ஆறு தந்திக் கிதாரில் தந்தியை உயர்த்தும் மேடு பொருத்தி, ஓர் எஃகுத் துண்டை வைத்து வாசிக்கத் தொடங்கிய பள்ளி ஆசிரியரும் ரயில்வே குமாஸ்தாவும் கல்கத்தாக் காலத்தில் சாதாரணம். ராகக் காலம் அவர்களைக் கேட்பவர்களாக உட்காரவைத்தது. ஜாலா வேகமெடுக்கும்போது கைதட்டும் அரங்கில், ஒரு பல்லவியை மூன்றாம் முறை மெல்ல வாசிப்பவருக்கு இடம் கிடையாது.

இதே கருவி, இதே காலத்தில், கடலுக்கு அப்பால் எடுத்த வழியை நம் வரலாற்றாசிரியர்கள் அடிக்குறிப்பாகக்கூடத் தருவதில்லை. மேரி மக்தலேனா லூயிஸ் டேட் என்ற கறுப்பினப் பெண் 1903இல் நிறுவிய பெந்தெகொஸ்தே சபை, அவர் மறைவுக்குப் பின் 1931இல் மூன்று பிரிவாகியது. அதில் கீத் பிரிவும் ஜூவல் பிரிவும் ஆர்கனுக்குப் பதிலாக ஸ்டீல் கிதாரை வழிபாட்டின் மையத்தில் வைத்தன. பிலடெல்பியாவில் வாழ்ந்த ட்ரோமன் ஈசன் வானொலியில் ஹவாய் கிதாரைக் கேட்டு, ஹவாய்க்காரர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கற்றார். அவர் தம்பி வில்லி ஈசன் (1921–2005) அந்த ஹவாய் இனிமையைக் கழற்றி எறிந்தார். ஒரே தந்தியில், பிரசங்கியின் குரலையும் முதிய பெண்களின் முனகலையும் வாசித்தார். பாடும்போது வரியின் கடைசிச் சொல்லைத் தான் பாடாமல் கிதாரைச் சொல்லவைத்தார். ‘பேசும் கிதார்’ என்றே அவரை ஊர் ஊராக விளம்பரம் செய்தார்கள். ஜூவல் பிரிவில் லொரென்ஸோ ஹாரிசனும் கீத் பிரிவில் ஹென்றி நெல்சனும் இரண்டு வெவ்வேறு பாணிகளை நிறுவினார்கள். அடுத்த தலைமுறையில் சக் காம்ப்பெல் கால்மிதி கொண்ட பெடல் ஸ்டீலைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வெளியுலகம் இதை அறியாது. ராபர்ட் ஸ்டோன் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் 1990களில் ஃபுளோரிடாவில் இதைக் கேட்டுப் பதிவு செய்து, ஆர்ஹூலி நிறுவனம் 1997இல் தட்டாக வெளியிட்ட பிறகே ‘சேக்ரட் ஸ்டீல்’ என்ற பெயரும் புகழும் வந்தன.

அந்தச் சபைகளில் ஒரு பையன் கிதார்க்காரனாகும் பாதையைப் பார்த்தால் நமக்கு உறைக்கும். தனிப் பள்ளி இல்லை, சுரக்குறிப் புத்தகம் இல்லை. சின்ன வயதில் டிரம்ஸில் உட்காருவான். தாளம் கைக்கு வந்த பிறகு ஸ்டீல் வாசிக்கும் பெரியவரின் அருகில் இடம் கிடைக்கும். காணிக்கை எடுத்துக்கொண்டு சபையார் வரிசையாக நடந்துவரும் நேரம் புதியவனுக்குக் கொடுக்கப்படும். அங்கே தவறினாலும் நடை நிற்காது. பிரசங்கத்தின் உச்சியில் வாசிக்கும் உரிமை பல ஆண்டு கழித்து வரும். நாஷ்வில்லில் கீத் பிரிவு கூட்டும் பொதுப் பேரவையில் யார் எப்போது உட்காருவது என்பதற்கு எழுதாத ஒரு வரிசை உண்டு. நம் குருகுலத்தைப் போலவே கடுமையான கல்வி இது. வேறுபாடு ஒன்றே: அங்கே குருவின் இடத்தில் சபை நிற்கிறது. வாசிப்பது சரியா தவறா என்பதைப் பாடுகிற மக்கள் அந்தக் கணமே சொல்லிவிடுவார்கள், பாடியோ பாடாமல் நின்றோ.

இனி நம் பக்கம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் கிருஷ்ண பிள்ளையும் தமிழில் செய்ததைத் தெலுங்கில் செய்தவர் புருஷோத்தம சௌத்ரி (1803–1890). அவர் பாடல்களும் அவர் வழிவந்தோர் பாடல்களும் ‘ஆந்திர கிரைஸ்தவ கீர்த்தனைகள்’ தொகுப்பில் ராகமும் தாளமும் தலைப்பில் குறித்து அச்சாகியுள்ளன. நம் தமிழ்க் கீர்த்தனைப் புத்தகமும் அப்படியே. ஆனால் புத்தகம் ஆனந்தபைரவி என்று சொல்வதும் ஞாயிற்றுக்கிழமை காதில் விழுவதும் வேறாகி நாளாகிவிட்டது. ஆனந்தபைரவியின் காந்தாரம் தனித்து நிற்காது. மத்திமத்தின் நிழலைத் தொட்டு, வழுக்கி இறங்கும். அந்த ஜாருவில்தான் ராகமே இருக்கிறது. ஆர்மோனியத்தின் கட்டையில் அந்த இறக்கம் இல்லை. இரண்டு சுரமும் இரண்டு படிக்கட்டாக நிற்கும். ஆர்மோனியக் காலத்தில் குரல் கருவியை மிஞ்சி ஒலித்ததால் பாட்டிமார் தம் இழைப்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இன்று ஒலிபெருக்கி கீபோர்டுக்கும் உண்டு. அது நேர்க்கோட்டில் வாசிப்பதையே இளையவர்கள் பாட்டு என்று கற்கிறார்கள். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி 1971வரை பெரிதாகத் தளர்த்தாமல் இருந்தது பற்றி நம் இசை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதுண்டு. அதே கேள்வியைத் தேவாலயத்துக்குள் எவரும் எழுப்பியதில்லை. சுருதி நுட்பத்துக்காகவே ‘கருணாமிர்த சாகரம்’ எழுதி 1917இல் அச்சிட்ட ஆபிரகாம் பண்டிதர் சபையைச் சேர்ந்தவர் என்பதை நினைத்தால் இந்த மௌனம் வெட்கப்பட வேண்டியது. 1950இல் ஐதராபாத்தில் எப்ரோன் சபையை நிறுவிய நற்செய்தியாளர் பக்த் சிங், நெடுநேரக் கூட்டுப்பாடலை ஆராதனையின் உயிராக வைத்தார். ‘சீயோன் கீதங்கள்’ பாடி வளர்ந்த அந்த ஊரில் குரலுக்குப் பஞ்சமில்லை. குரலைப் பின்தொடரத் தெரிந்த கருவிக்குத்தான் பஞ்சம்.

ஸ்டீல் கிதாரைச் சபைக்குள் கொண்டுவருவதற்கு எதிர்வாதங்கள் உண்டு. கீபோர்டிலும் சுரத்தை வளைக்கும் சக்கரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதைத் திருப்ப ஒரு கை முழுதாகப் போய்விடும், பெரும்பாலான கருவிகளில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். அது தொட்ட சுரத்துக்குப் பின்னால் ஒட்டவைக்கும் அலங்காரம். எஃகுத் துண்டில் சுரமே பயணமாகத்தான் பிறக்கிறது. கருவி அந்நியமானது என்பது இரண்டாம் வாதம். பாலுசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் வயலினை எடுத்த நாளிலிருந்து மாண்டலின் சீனிவாஸ், கத்ரி கோபால்நாத் வரை வந்த ஓர் இசை மரபில் இந்த வாதத்துக்கு ஆயுள் இல்லை. அதிலும் பிரெஞ்சு ஆர்மோனியத்தையும் ஜப்பான் கீபோர்டையும் பீடத்தருகில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

கனமான வாதம் மூன்றாவது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), கர்நாடகக் கீர்த்தனையும் மேற்கத்திய பாமாலையும் இரண்டுமே ஆதிக்கத்தின் இசை என்றார். ஒடுக்கப்பட்ட மக்களின் நாட்டார் இசையே வழிபாட்டுக்கு உரியது என்று பாடல் செய்தும் காட்டினார். அப்படியானால் கீர்த்தனையின் கமகத்தைக் காப்பாற்ற ஒரு கருவி தேடுவது மேல்சாதி ருசியைக் காப்பாற்றுவதுதானே? கேள்வி நியாயமானது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகள் கிராமத்துச் சபைகளில் பாடப்பட்ட பிறகு கீர்த்தனையின் இழைப்பு வித்வான்களின் சொத்தாக இல்லை. வயல்வேலை செய்த பெண்களின் தொண்டை அதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டது. சாஸ்திர சுத்தம் இங்கே பிரச்சினை இல்லை. அந்தப் பெண்கள் பாடிய வளைவுதான் காப்பாற்றப்பட வேண்டியது. ஒப்பாரியும் தெம்மாங்கும் வழுக்கும் சுரங்களால் ஆனவைதாம். அவற்றையும் கீபோர்டு படிக்கட்டாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஏழைக் கறுப்பினச் சபைகள் ஸ்டீல் கிதாரை எடுத்துக்கொண்டபோது அதற்கு எந்தக் கரானாவும் இல்லை, எந்த வீட்டாரும் அதற்கு உரிமை கோரவில்லை. நம் ஊரிலும் அதற்குச் சாதி கிடையாது. மக்கள் திரும்பப் பாட முடிகிறதா என்பதை அளவுகோலாக வைத்தாலும் இந்தக் கருவி தேறும்.

கடைசி அச்சம், ஆராதனை கச்சேரியாகிவிடும் என்பது. அது வெறும் கற்பனை இல்லை. கீத் பிரிவில் வளர்ந்த ராபர்ட் ராண்டால்ப் ராக் அரங்குகளுக்குப் போனபோது அவருடைய சபையிலேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சபைகள் கண்ட தடுப்பு கருவியை விலக்குவது அல்ல. வாசிப்பவனை வரிசையில் வைத்து, காணிக்கை நேரத்திலிருந்து வளர்ப்பது. கச்சேரியாக்கும் ஆபத்து ஒளிவிளக்கும் புகையும் வைத்த இன்றைய துதி மேடைகளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. அதற்கு ஸ்டீல் கிதாரின் உதவி தேவைப்படவில்லை.

ஆகவே ராகமேடை இந்தக் கருவிக்கு ஒரு கிளை, அடிமரம் பாட்டுதான். அந்த அடிமரத்தை நட இரட்டை நகரத்தில் இடமும் ஆளும் இருக்கிறது. ஆந்திர கிறிஸ்தவ இறையியல் கல்லூரி போன்ற ஒரு நிறுவனம், ஆயர் பயிற்சியில் இருக்கும் பாடகர்களுக்கு இரண்டு பருவம் ஒரு வகுப்பு வைத்தால் போதும். சாதாரணக் கிதார் ஒன்று, தந்தியை உயர்த்தும் மேடு ஒன்று, எஃகுத் துண்டு ஒன்று. ச-ப-ச என்று திறந்த சுருதி. முதல் ஆண்டு சபையின் குரலுக்குக் கீழே மெல்ல ஒட்டி வாசிக்கட்டும், இரண்டாம் ஆண்டு காணிக்கை நேரத்தில் தனியாக. பாடத்திட்டம் புதிதாக எழுத வேண்டியதில்லை. ராகமும் தாளமும் தலைப்பில் அச்சிட்ட கீர்த்தனைப் புத்தகம் ஒவ்வொரு சபை இருக்கையிலும் கிடக்கிறது. பாடகர் குழுத் தலைவர்கள் அடுத்த கீபோர்டுக்கு நன்கொடை திரட்டும் முன், அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கிப் பார்க்க வேண்டும்.